பத்தியம் வேறு, பட்டினி வேறு



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி கோயம்புத்தூரிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள். "டீச்சர், எங்க வீட்டுப் பூனைக்கு 11 வயசு. கிட்னி பாதிச்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். கிரியாட்டினின் 3.1. அதுக்குன்னு தனி சாப்பாடு எழுதிக் கொடுத்திருக்கார். அதை மோந்துகூடப் பார்க்க மாட்டேங்குது. பசிச்சா தானா சாப்பிடும், வேற எதுவும் கொடுக்காதேன்னு வீட்ல சொல்றாங்க. இன்னையோட ரெண்டு நாள் ஆச்சு. என்ன பண்றது?"

அதே நாளில் எங்கள் குடும்பக் குழுவில் என் அண்ணன் மகன் கேட்டிருந்தான்: "அத்தை, ஒரு பூனைக்கா இவ்வளவு செலவு, இவ்வளவு பாடு?"

அந்தப் பெண்ணுக்கு உடனே போன் செய்து, "பிடித்த எதையாவது இன்றைக்கே சாப்பிட வை, டாக்டருக்கும் சொல்" என்றேன். அண்ணன் மகனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும். பாடவேளை முடிந்து மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பவள்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் ஜரிகை. சாம்பல் உடம்பில் மஞ்சள் கோடுகள் ஓடும். பிள்ளையார்பாளையத்தில் பக்கத்து வீட்டு நெசவாளர் வீட்டுத் தறிக்குழியில் பிறந்தவள். அவர் வைத்த பெயர்தான் ஜரிகை. இப்போது 14 வயது. சொல்லப்போனால் அவளுக்கு இரண்டு வீடு. எங்கள் வீட்டில் பாலும் தயிர்ச்சோறும். மதில் தாண்டினால் அங்கே மீன் தலையும் நெத்திலிக் கருவாடும். பட்டு நூலையும், கஞ்சி போட்ட பாவையும் எலி கடிக்காமல் காவல் இருப்பதற்கு அந்த வீட்டுப் பெரியவர், நாங்கள் எல்லோரும் ஆயா என்று கூப்பிடும் அம்மா, கொடுக்கும் கூலி அது.

இரண்டு வருடம் முன்பு அவள் அதிகமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். குளியலறை வாளியில், துளசி மாடத்துச் சொம்பில், வாசல் தெளிக்க வைத்த பக்கெட்டில். வெயில் காலம், அதனால்தான் என்று நினைத்தேன். உடம்பு இளைத்தது. வயசாகிறது என்று நினைத்தேன். முடி சொரசொரப்பாகி, வாயில் ஒரு கெட்ட வாடை வந்த பிறகுதான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிரியாட்டினின் 3.4. பாஸ்பரஸ் 6.1. ஒரு காலத்தில் 4 கிலோ 200 கிராம் இருந்தவள் 3 கிலோ 300 கிராம். நான்கு நிலைகளாகப் பிரிக்கும் இந்த நோயில் மூன்றாவது நிலை என்றார்கள். கிரியாட்டினின் 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை.

அறிவியல் ஆசிரியை நான். எத்தனை வருடம் உங்களை "நெஃப்ரான் படம் வரைந்து பாகங்களைக் குறி, 5 மதிப்பெண்" என்று வாட்டியிருக்கிறேன். பௌமானின் கிண்ணத்தை இட்லித்தட்டு போல வரைந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் படத்தை என் வீட்டுப் பூனையின் உடம்பில் படிக்கத் தெரியாமல் போனேனே என்று வெட்கமாக இருந்தது.

சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதனின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள். பூனைக்கு ஏறத்தாழ 2 லட்சம்தான். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை, வறண்ட நிலத்துப் பிராணி. இரையின் உடம்பில் உள்ள ஈரத்தை வைத்தே காலம் தள்ளும். சிறுநீரை மிகவும் அடர்த்தியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். நெஃப்ரான்களில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் அந்த அடர்த்தியாக்கும் திறன் குறைகிறது. அப்போதுதான் நிறையச் சிறுநீர், நிறையத் தாகம். நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுகிறது. நாம் கவனிக்கும்போது பெரும்பகுதி போய்விட்டது. போன நெஃப்ரான் திரும்ப வராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவது ஒன்றுதான் வழி.

அதற்குத்தான் பத்தியம். சிறுநீரகம் தளர்ந்தால் பாஸ்பரஸை வெளியேற்ற முடியாது. அது உடம்பில் தேங்கி, மிச்சமுள்ள நெஃப்ரான்களையும் கெடுக்கும். அதனால் பாஸ்பரஸ் குறைந்த, புரதம் அளவான, உப்புக் குறைந்த உணவு. இது வெறும் நம்பிக்கை இல்லை. 2006இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயுள்ள 45 பூனைகள். 22 பூனைகளுக்குச் சிறுநீரக உணவு, 23 பூனைகளுக்குச் சாதாரண உணவு. இரண்டு வருடம் பார்த்தார்கள். சாதாரண உணவு தின்றவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு ரத்தத்தில் கழிவு ஏறிப் படுத்துவிடும் நிலை வந்தது. 5 பூனைகள் சிறுநீரகக் கோளாறால் இறந்தன. சிறுநீரக உணவு தின்ற 22 பூனைகளில் ஒன்றுக்கும் அப்படி ஆகவில்லை.

இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? வாத்தியார் புத்தி. வீட்டுக்கு வந்ததும் பாலை நிறுத்தினேன். தயிர்ச்சோறு நிறுத்தினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் போய், "ஆயா, இனிமேல் கருவாடு ஒரு துண்டுகூடக் கொடுக்கக்கூடாது, அது அவளுக்கு விஷம்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். மருத்துவர் எழுதிய விலை உயர்ந்த தீனியைத் தட்டில் கொட்டி முன்னால் வைத்தேன். மெதுவாக மாற்றுங்கள் என்று மருத்துவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை.

ஜரிகை மோந்து பார்த்தாள். பின்னங்காலால் மண் தள்ளுவதுபோல் தரையைப் பிராண்டிவிட்டுப் போனாள். முதல் நாள் இரவு சாப்பிடவில்லை. பசித்தால் வருவாள் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள். குடிக்கவும் இல்லை.

உங்களில் பல பேரை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப்போயிருக்கிறேன். அர்ஜுனன் தபசுப் பாறையில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நின்று தவம் செய்யும் பூனையைக் காட்டி, சுற்றிலும் எலிகள் நம்பி நிற்பதைக் காட்டி, எல்லோரும் சிரித்திருக்கிறோம். பல்லவச் சிற்பி நன்றாகத் தெரிந்துதான் அதைச் செதுக்கியிருக்கிறான். பூனை விரதம் இருந்தால் அதில் ஏதோ சங்கதி இருக்கிறது! வீட்டில் ஒரு பூனை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் அது அடம் இல்லை, தவம் இல்லை. நோய். ரத்தத்தில் கழிவு ஏறும்போது குமட்டல் வரும், வாயில் புண் வரும். பசி இருந்தாலும் சாப்பாட்டின் வாசனையே ஆகாது. நம் வீட்டில் மசக்கைக்காரிகளைப் பார்த்திருக்கிறோமே, அது மாதிரி.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவளைக் காணவில்லை. தேடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். தறிக்குப் பக்கத்தில் ஆயா கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஜரிகை. அலுமினியத் தட்டில் குழைத்த சோறு, அதில் பிய்த்துப்போட்ட கருவாடு. விரலில் எடுத்து ஊட்டுகிறார். அவளும் தின்கிறாள்.

என்னைப் பார்த்ததும் ஆயா பயப்படவில்லை. "நீ படிச்சவ. நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா மூணு நாளா ஒரு ஜீவன் வயித்தைக் காயப்போட்டு என்ன வைத்தியம் பண்ணுவ?" என்றார்.

கோபம் வந்தது. மறுநாள் மருத்துவரிடம் இதைப் புகாராகவே சொன்னேன். எடை பார்த்தார். 3 கிலோ 100. என் மாணவிகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அந்த ஆயா செய்ததுதான் நேற்றைக்குச் சரி. பூனை முதலில் சாப்பிட வேண்டும். எதைச் சாப்பிட வேண்டும் என்பது அடுத்த கேள்வி."

அப்புறம் விளக்கினார். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், உடம்பில் உள்ள கொழுப்பு மொத்தமாகக் கரைந்து கல்லீரலில் போய் அடையத் தொடங்கும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சிறுநீரகத்தைக் காப்பாற்றப்போய்க் கல்லீரலைக் கெடுத்த கதை ஆகிவிடும். அதோடு, சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு தன் தசையையே எரிக்கும். தசை எரிந்தால் வரும் கழிவும் அதே தளர்ந்த சிறுநீரகத்துக்குத்தான் போய்ச் சேரும்.

அந்த மின்னசோட்டா ஆய்வை நான் சரியாகப் படிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தப் பூனைகள் அந்த உணவைச் சாப்பிட்டன. அதனால் பிழைத்தன. தட்டில் கிடக்கும் உணவு எந்தப் பூனையையும் காப்பாற்றாது.

நம் ஊரில் பத்தியம் என்ற சொல்லை நாம் எல்லோரும் அறிவோம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு போடுவோம். பூண்டுக் குழம்பு, சுடுசோறு, நெய். அது சாப்பாட்டை மறுப்பது இல்லை. அவள் உடம்பு தாங்குவதை, அவளுக்குப் பிடித்த மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பது. அந்த அறிவு ஆயாவிடம் இருந்தது. பாஸ்பரஸ் பற்றிய அறிவு என்னிடம் இருந்தது. இரண்டும் மதிலுக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக இருந்ததால்தான் நடுவில் ஜரிகை இளைத்தாள்.

பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். உங்கள் பூனைக்கு உங்கள் மருத்துவர் சொல்வதுதான் சட்டம். நான் மருத்துவர் இல்லை.

முதலில் குமட்டலுக்கு மருந்து. வாந்தி உணர்வை அடக்கவும் பசியைத் தூண்டவும் பூனைகளுக்கென்று மருந்துகள் இருக்கின்றன. என் மாணவியிடம் நான் முதலில் கேட்கச் சொன்னது இதைத்தான். இதைச் செய்யாமல் எந்தத் தீனியை மாற்றியும் பயனில்லை. குமட்டும் நேரத்தில் புதுச் சாப்பாட்டைக் காட்டினால், அந்தச் சாப்பாட்டால்தான் குமட்டுகிறது என்று பூனை நினைத்து, அதைக் காலத்துக்கும் தொடாமல் போகலாம். மாத்திரையைச் சாப்பாட்டில் பொடித்துக் கலப்பதும் அதே தப்பு. கசப்பு தெரிந்தால் சாப்பாட்டையே வெறுத்துவிடும்.

பிறகு மாற்றத்தை மெதுவாக்கினோம். பழைய சாப்பாட்டில் ஒரு சிட்டிகை புதியது. நான்கு நாள் கழித்து இரண்டு சிட்டிகை. சாப்பிடாவிட்டால் ஒரு படி பின்னால். முழுவதும் மாற ஆறு வாரம் ஆனது. இதில் முக்கியமான ஏற்பாடு என்ன தெரியுமா? தீனிப் பையை ஆயா வீட்டிலேயே வைத்துவிட்டேன். அதே அலுமினியத் தட்டு, அதே விரல். கருவாட்டுக்குப் பதில், முள் எடுத்து உப்பில்லாமல் வேகவைத்த மீன் கொஞ்சம், அதில் தீனி. கருவாட்டில் உப்பும் உண்டு, முள்ளோடு தின்பதால் பாஸ்பரஸும் நிறைய உண்டு என்று ஆயாவிடம் இந்த முறை உட்கார்ந்து விளக்கினேன். "எனக்கும்தான் டாக்டரு உப்பு வேணாங்கறாரு, நான் எங்க கேக்கறேன்? இதுவாவது கேக்கட்டும்" என்றார்.

சாப்பாட்டை வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். பூனை மூக்கால் சாப்பிடும் பிராணி. ஆறிப்போனதில் வாசனை இல்லை. சுடுதண்ணீரில் கிண்ணத்தை வைத்து, கைக்கு இதமான சூட்டில் கொடுத்தால் வேண்டாம் என்றது திரும்பி வரும். ஒரே வேளையில் நிறைய வைக்காமல் நாளைக்கு ஐந்தாறு முறை ஒவ்வொரு ஸ்பூன்.

தண்ணீர். இதற்குக் காசு வேண்டாம். வீட்டில் நான்கு இடத்தில் வாய் அகன்ற கிண்ணம், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி. தினமும் மாற்றுங்கள். சாப்பாட்டிலேயே இரண்டு ஸ்பூன் தண்ணீர் சேருங்கள். அதிகமாகச் சிறுநீர் போகிறது என்று தண்ணீரைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை கிடையாது. ஜரிகைக்கு வாரம் மூன்று முறை தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் திரவம் ஏற்றுகிறேன். மருத்துவர் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் என் கை நடுங்கியது. இப்போது நான் ஊசி போடுவதற்குள் அவள் ஒரு தூக்கம் போட்டுவிடுகிறாள்.

எடை. வாரம் ஒரு நாள், பக்கத்து வீட்டில் பட்டும் ஜரிகையும் நிறுக்கும் தராசில் என் ஜரிகையையும் கூடையோடு நிறுக்கிறோம். நோட்டில் எழுதுகிறேன். 3 கிலோ பூனைக்கு 100 கிராம் குறைவது, 60 கிலோ மனுஷிக்கு 2 கிலோ குறைவதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாதது தராசுக்குத் தெரியும்.

இனி, கொஞ்சம் சிக்கலான விஷயம். எங்களுடையது சைவக் குடும்பம். என் நாத்தனார் எங்களோடுதான் இருக்கிறார். "இந்த வீட்டில் மீன் வேகிற வாடையா?" என்று அவர் கேட்டது அவருடைய நியாயம். கொல்லையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி என்று முடிவுக்கு வந்தோம். இப்போது நான் ஊரில் இல்லாத நாட்களில் மூக்கில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அவரே சூடு பண்ணி வைக்கிறார்.

ஆனால் நம்மில் பல வீடுகளில் பூனைக்குத் தயிர்ச்சோறும் பாலும் மட்டுமே போட்டு, "எங்க பூனை சுத்த சைவம்" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் சொன்னவள்தான். அது பெருமை இல்லை, பிள்ளைகளே. பூனையின் உடம்பு மாமிசத்துக்கென்றே அமைந்தது. டாரின் என்று ஒரு சத்து. அதைப் போதுமான அளவு பூனையால் தானாகத் தயாரிக்க முடியாது. மாமிசத்திலும் மீனிலும்தான் இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் கிடையாது. அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண் பார்வை போகும், இதயம் வீங்கித் தளரும். ஜரிகை இத்தனை வருடம் நன்றாக இருந்தது என் தயிர்ச்சோற்றால் இல்லை, ஆயா வீட்டு மீன் தலையால்.

திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் தின்னும் காட்சியை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது அவை வருவதில்லை. சின்ன வயதில் கைகூப்பிப் பார்த்த எனக்கு இன்று வேறொன்று தோன்றுகிறது. நாம் பிராணிகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் நமக்கு எது புனிதமோ, எது பிரியமோ அதைத்தான். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதற்கான மரபணு செயல்படுவதில்லை என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். நாம் பாயசம் ஊற்றிவிட்டு, ஆசையாக நக்குகிறது என்கிறோம். அது நக்குவது பாலின் கொழுப்பை.

இன்னொரு பக்கமும் உண்டு. கழுகு என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற மருந்து, அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. காரணத்தை 2004இல் கண்டுபிடித்தார்கள். 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை நம் அரசு தடை செய்தது. ஒரு உடம்புக்கு மருந்து, இன்னொரு உடம்புக்கு விஷம். பூனை சோர்ந்து படுத்தால் வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கால் துண்டு கொடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறும் ஆகாது. அதன் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

இப்போது அண்ணன் மகனின் கேள்விக்கு வருகிறேன். ஒரு பூனைக்கா இவ்வளவு?

தம்பி, உன் கேள்வியைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அந்தத் தீனி சாதாரணப் பூனைத் தீனியைவிடப் பல மடங்கு விலை. எனக்கு ஓய்வூதியம் வருகிறது, வாங்குகிறேன். பக்கத்து வீட்டில் கணவனும் மனைவியும் ஒரு சேலைக்கு நாள் கணக்கில் தறியில் உட்கார்கிறார்கள். அவர்களிடம் போய், பூனைக்கு இதை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாங்க முடியாதவர்கள் பாவிகளும் இல்லை, வாங்குகிறவள் புண்ணியவதியும் இல்லை.

ஆனால் காசு இல்லாதவர்களும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கருவாடு, எலும்பு, ஈரல், முட்டை மஞ்சள் கரு, பால் இவற்றைக் குறைப்பதற்குக் காசு வேண்டாம். முட்டையின் வெள்ளைக் கருவில் நல்ல புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. வேகவைத்துச் சாப்பாட்டோடு கலந்து கொடுக்கலாம். தண்ணீருக்குக் காசு இல்லை. அரசு கால்நடை மருத்துவமனை ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்றவர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகள். வீட்டிலேயே சமைத்துப்போடுவது என்று முடிவெடுத்தால், கால்சியம், டாரின் எல்லாம் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் மீனும் சோறும் நெடுநாளைக்குப் பத்தியம் ஆகாது.

பாடு ஏன் என்று கேட்டாய். இந்தப் பூனை 12 வருடம் இரண்டு வீட்டின் எலிகளைப் பிடித்தது. நாம் போட்டதைத் தின்றது. அதற்குத் தானாகக் கடைக்குப் போகத் தெரியாது, இது ஆகாது என்று சொல்லத் தெரியாது. நம் கையை மட்டும் பார்த்து ஒரு உயிர் வாழ்கிறது என்றால், அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நம் வேலை. இவ்வளவுதான் என் பதில்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் முடித்தால் பாதிப் பாடம்தான் நடத்தினேன் என்று ஆகும்.

ஜரிகை பத்தியத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நடுவில் 3 கிலோ 500 வரை ஏறினாள். மதில் ஏறினாள், ஓணான் பிடித்துக்கொண்டு வந்து நாத்தனாரை அலற வைத்தாள். போன மாதத்திலிருந்து மறுபடி இறங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை 2 கிலோ 900. கிரியாட்டினின் 5ஐத் தாண்டிவிட்டது. நான்காம் நிலை.

மருத்துவரிடம் கேட்டேன்: "இனி பத்தியம் எதற்கு?" அவர் சொன்னார்: "இனி அவளுக்கு எது பிடிக்கிறதோ அதுதான் பத்தியம்." சிரிஞ்சில் கரைத்து வாயில் பீய்ச்சிப் பார்த்தேன், இரண்டு நாள். அவள் என்னைக் கண்டாலே அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்தாள். 14 வருடம் என் காலைச் சுற்றியவள் என்னைக் கண்டு ஒளிந்தாள். நிறுத்திவிட்டேன். குமட்டலுக்கு மருந்து கொடுக்கிறேன், திரவம் ஏற்றுகிறேன், சாப்பாட்டைச் சூடு பண்ணி முன்னால் வைக்கிறேன். சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவள் விருப்பம். நல்ல நாட்களைவிடக் கெட்ட நாட்கள் அதிகமாகும்போது, வலியில்லாமல் வழியனுப்புவது பற்றியும் மருத்துவரிடம் பேசி வைத்திருக்கிறேன். அதைப் பேசவே கூடாது என்று நினைத்தவள்தான் நானும்.

இன்று காலை மதில் தாண்ட முடியாமல் கீழே உட்கார்ந்து குரல் கொடுத்தாள். தூக்கிக்கொண்டு போய் ஆயா மடியில் விட்டேன். ஆயா என் முகத்தைப் பார்த்தார். "ஒரே ஒரு நெத்திலி?" என்றார்.

"கொடுங்க ஆயா" என்றேன்.

தண்ணீரில் ஊறவைத்து, உப்பைப் பிழிந்து, தலையைக் கிள்ளி எறிந்து கொடுத்தார். தின்றாள். தட்டையும் நக்கினாள்.

உங்கள் வீட்டில் 7, 8 வயது தாண்டிய பூனை இருந்தால் வருடம் ஒரு முறை ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிடுங்கள். தண்ணீர் அதிகம் குடித்தால் வெயில் என்று விடாதீர்கள். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது. இந்த முறை காப்பி அடித்தாலும் பரவாயில்லை, செய்தால் போதும்.

கோயம்புத்தூர்ப் பெண் நேற்று இரவு செய்தி அனுப்பினாள். குமட்டலுக்கு மருந்து ஆரம்பித்து, வேகவைத்த கோழியைக் கொஞ்சம் வெதுவெதுப்பாகக் கொடுத்தாளாம். நான்கு ஸ்பூன் சாப்பிட்டதாம்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.